தொடக்கப்பள்ளியின் வாரமடலை எழுதும் முறை

அரசுத் தொடக்கப்பள்ளியில் குழந்தையைச் சேர்த்திருக்கும் பெற்றோருக்குப் பள்ளியில் நடப்பவற்றுள் பாதி தெரிந்தேயிருக்கும். காலை உணவுக்கு என்ன கொடுத்தார்கள், மதியம் முட்டை கிடைத்ததா, அடுத்த விடுமுறை என்றைக்கு என்பவற்றைக் குழந்தையே வீட்டில் சொல்லிவிடும். தெரியாமல் போவது வகுப்பறைக்குள் நடந்த கற்றல்தான். “இன்று என்ன படித்தாய்?” என்று கேட்டால் “ஒன்றுமில்லை” என்ற பதிலே பெரும்பாலும் வருகிறது. குழந்தை எதையும் மறைக்கவில்லை. நாள் முழுவதும் நடந்ததை அவ்வளவு பொதுவான ஒரு கேள்விக்கு விடையாகத் தொகுத்துச் சொல்ல ஏழு வயதில் இயலாது, அவ்வளவே.

தமிழ்நாட்டில் 2012-13ஆம் கல்வியாண்டில் முப்பருவ முறை வந்த பிறகு, ஒவ்வொரு பருவத்தின் முடிவிலும் மதிப்பீட்டு விவரம் பெற்றோருக்குச் செல்கிறது. ஜூலையில் கழித்தல் கணக்கில் தடுமாறிய குழந்தையைப் பற்றிச் செப்டம்பர் இறுதியில் தெரிந்துகொள்ளும் தாயால் அப்போது செய்யக்கூடியது மிகக் குறைவு. அந்த இடைவெளியை நிரப்புவதற்காகவே, ஆசிரியர் வாரந்தோறும் பெற்றோருக்கு எழுதும் இந்த வாரமடல். அது பள்ளியின் பெருமையைப் பறைசாற்றும் துண்டறிக்கை அன்று. மடலைப் படித்து முடித்த பெற்றோர் அன்று மாலை தம் குழந்தையிடம் ஒரே ஒரு நல்ல கேள்வியைக் கேட்க வேண்டும். குழந்தை அதற்கு வாயாலோ கையாலோ விடை செய்து காட்ட வேண்டும். இவ்வளவும் நடந்தால் மடல் தன் வேலையைச் செய்துவிட்டது என்பதே என் கருத்து. கீழே சொல்லப்படுவன அனைத்தும் இந்த ஒரு நோக்கத்துக்காகவே.

வாரம் முழுவதும் குறிப்பெடுத்தல்

குழந்தைகளின் எண்ணிக்கை அறுபது வரை இருந்தால் இரண்டு ஆசிரியர்கள் என்பது கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அளவு. ஆகவே, நம் தொடக்கப்பள்ளிகள் பலவற்றில் ஒரே ஆசிரியர் இரண்டு மூன்று வகுப்புகளைச் சேர்த்து நடத்துகிறார். பதிவேடுகள், எமிஸ் என்னும் கல்வித் துறை இணையதளத்தில் செய்யும் பதிவுகள் ஆகியவற்றுக்கு நடுவே மடலும் ஒரு சுமையாகிவிட்டால் நான்காம் வாரமே அது நின்றுவிடும். எனவே வெள்ளிக்கிழமை மாலையில் உட்கார்ந்து அந்த வாரத்தை நினைவுகூர முயலக் கூடாது. நாள்தோறும் கடைசி மணி அடிப்பதற்கு முன்பு ஒரு சிறு குறிப்பேட்டில் இரண்டு வரி எழுதிவைத்தால் போதும். முதல் வரியில் இன்று குழந்தைகள் புதிதாகச் செய்தது. இரண்டாம் வரியில் எங்கே தடுமாறினார்கள், அல்லது என்ன கேட்டார்கள் என்பது.

இரண்டாம் வரிதான் மடலுக்கு உயிரூட்டுவது. ‘நிலாவுக்கு ஏன் சில நாள் விடுமுறை?’ என்று ஒரு குழந்தை கேட்டதை அப்படியே எழுதிவைத்தால், நான்காம் வகுப்புப் பகுதியை அதைக் கொண்டே தொடங்கிவிடலாம். காலை வணக்கக் கூட்டத்தில் செய்தி வாசித்த குழந்தை எந்தச் செய்தியைத் தானாகத் தேர்ந்தெடுத்தது, வகுப்பறையில் கதைக்கென ஒதுக்கிய கதைக் களத்தில் கதையின் முடிவைக் குழந்தைகள் எப்படி மாற்றினார்கள், பொம்மலாட்டத்தில் நரிக்கு யார் குரல் கொடுத்தது என்பன போன்றவை அன்றைக்கே எழுதப்படாவிட்டால் மறுநாள் மறந்துபோகும்.

வியாழக்கிழமை மாலையில் நான்கு நாள் குறிப்புகளையும் எடுத்து வைத்துக்கொண்டு மடலை எழுதிவிட வேண்டும். வெள்ளிக்கிழமை மதியம் அது குழந்தைகளின் கைக்குப் போக வேண்டும். விவசாயக் கூலி வேலைக்கும் பின்னலாடை நிறுவனங்களுக்கும் செல்லும் பெற்றோருக்குக் குழந்தையோடு நிதானமாக உட்கார ஞாயிற்றுக்கிழமைதான் வாய்க்கிறது. திங்கட்கிழமை கொடுக்கப்படும் மடல் அந்த ஞாயிறு வருவதற்குள் புத்தகப்பையின் அடியில் கசங்கிவிடும்.

கற்றலை எழுதுதல்

ஆசிரியர் கையேட்டில் கற்றல் விளைவுகள் ‘ஈரிலக்க எண்களை இனமாற்றத்துடன் கழிப்பர்’ என்பது போன்ற நடையில் இருக்கும். ஆசிரியருக்கு அது போதுமானது. ஆனால் அதையே மடலில் எழுதினால் பெற்றோர் மரியாதையோடு மடித்து வைத்துவிடுவார்கள். அந்த வாக்கியத்தைக் குழந்தையின் கை செய்த செயலாக மாற்றி எழுத வேண்டும். 52-இலிருந்து 37-ஐக் கழிக்கும் கணக்கையே எடுத்துக்கொள்வோம். வகுப்பில் பத்துப் பத்துக் குச்சிகளாகக் கட்டிய ஐந்து கட்டுகளும் இரண்டு உதிரிக் குச்சிகளும் குழந்தையின் முன்னால் இருக்கின்றன. ஏழு குச்சிகளை எடுக்க வேண்டும். உதிரியாக இருப்பவையோ இரண்டு. குழந்தை ஒரு கட்டின் நூலை அவிழ்க்கிறது. இப்போது நான்கு கட்டுகளும் பன்னிரண்டு உதிரிக் குச்சிகளும். ஏழை எடுத்தால் ஐந்து எஞ்சுகிறது, நான்கு கட்டுகளில் மூன்றை எடுத்தால் ஒன்று எஞ்சுகிறது, விடை 15.

இந்தக் கணக்கில் பல குழந்தைகள் 25 என்று விடை எழுதுவார்கள். இரண்டிலிருந்து ஏழு போகாதென்று தெரிந்ததும் ஏழிலிருந்து இரண்டைக் கழித்துவிடுவதால் வரும் பிழை அது. கவனக்குறைவு என்று திட்டினால் அது நீங்காது. கட்டை அவிழ்க்கும் செயலைக் கை மீண்டும் செய்ய வேண்டும். இதை மடலில் சொல்லிவிட்டால், பத்து ரூபாய் நாணயங்கள் ஐந்தும் ஒரு ரூபாய் நாணயங்கள் இரண்டும் மாற்றிக் கொடுக்கச் சில்லறையும் வீட்டில் இருந்தாலே போதும், பெற்றோர் சரியான உதவியைச் செய்துவிடுவார்கள். ‘37 ரூபாய் கொடு’ என்று கேட்கும்போது, குழந்தை ஒரு பத்து ரூபாய் நாணயத்தைச் சில்லறையாக மாற்றித் தரச் சொல்கிறதா என்று பார்ப்பதே அந்த வாரத்தின் தேர்வு. பெரியவர்கள் இதைக் ‘கடன் வாங்கிக் கழிப்பது’ என்றே படித்திருப்பார்கள். மடலிலும் அப்படியே எழுதலாம்.

தமிழ்ப் பாடத்தில் பெற்றோருக்கு ஏற்படும் கவலை வேறு வகையானது. எழுத்துகளை அகர வரிசையில் அன்றி, எளிதில் எழுதவும் சொல்லாக்கவும் கூடிய வரிசையில் கற்பிக்கும் வகுப்பில் படிக்கும் குழந்தை, ‘அ, ஆ, இ, ஈ’ முழுவதையும் எழுதத் தெரியாத நிலையிலேயே ‘படம்’, ‘பட்டம்’, ‘மடம்’ ஆகிய சொற்களைப் படித்துவிடும். ட, ப, ம ஆகிய மூன்று எழுத்துகளும் புள்ளியும் தெரிந்தால் இவற்றைப் படிக்க முடியும் என்பதை முதல் மாதத்து மடல் ஒன்றில் விளக்கிவிட வேண்டும். விளக்காவிட்டால், ‘உயிரெழுத்தைக்கூடச் சொல்லித் தரவில்லை’ என்ற வருத்தம் ஊருக்குள் பரவும். அதில் பெற்றோரின் குற்றம் எதுவுமில்லை.

மூன்றாம் வகுப்புக்கு மேல் வாசிப்பைப் பற்றி எழுதும்போது, எத்தனை பக்கம் படித்தார்கள் என்பதைவிட எப்படிப் படித்தார்கள் என்பதை எழுதுவது நல்லது. எழுத்துக்கூட்டிப் படிக்கும் குழந்தையும் சரளமாகப் படிக்கும் குழந்தையும் ஒரே வகுப்பில் இருப்பார்கள். சரளமாகப் படிக்கும் குழந்தைக்குப் பொருள் விளங்கியிருக்கிறதா என்பதைப் பெற்றோர் அறிய ஓர் எளிய வழி உண்டு: ஒரு பத்தியைப் படித்து முடித்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, அதில் வந்தவர் ஏன் அப்படிச் செய்தார் என்று கேட்க வேண்டும். ‘யார்’, ‘எங்கே’ என்ற கேள்விகளுக்கு நினைவாற்றலே விடை சொல்லிவிடும்; ‘ஏன்’ என்ற கேள்விக்குப் பொருள் விளங்கியிருந்தால்தான் விடை வரும். வாசிப்பு இயக்கத்தின் சிறு நூல்களை வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் பள்ளியாக இருந்தால், அவை நுழை, நட, ஓடு, பற என்ற படிநிலைகளில் அமைந்தவை என்பதையும், குழந்தை கீழ்ப்படிநிலை நூலை விரும்பி மறுபடியும் எடுத்தால் தடுக்க வேண்டாம் என்பதையும் ஒருமுறை எழுதிவிட வேண்டும். ஒரே புத்தகத்தைப் பலமுறை படிப்பதால்தான் சரளம் வருகிறது.

வீட்டில் செய்து பார்க்கச் சொல்லும் வேலை வகுப்புக்கு ஒன்றுக்கு மேல் இருக்கக் கூடாது. அதற்குக் காசு செலவாகக் கூடாது. கடையில் சார்ட் வாங்கவும் களிமண் தேடவும் அனுப்பக் கூடாது. நான்காம் வகுப்பில் நீட்டலளவை நடக்கும் வாரத்தில், வீட்டு வாசற்படியின் நீளத்தைத் தன் சாணாலும் அப்பாவின் சாணாலும் அளந்து, இரண்டு எண்களும் ஏன் வேறுபடுகின்றன என்று சொல்லச் சொன்னால், சென்டிமீட்டர் எதற்குத் தேவைப்பட்டது என்பது குழந்தைக்கே விளங்கிவிடும்.

நிலைகள், பெயர்கள், படங்கள்

அடிப்படை எழுத்தறிவும் எண்ணறிவும் தருவதற்கான எண்ணும் எழுத்தும் திட்டம் 2022 ஜூனில் ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்குத் தொடங்கப்பட்டு, அடுத்த கல்வியாண்டில் நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் விரிவாக்கப்பட்டது. அதில் அரும்பு, மொட்டு, மலர் என்று குழந்தைகளின் கற்றல் நிலைகள் பிரிக்கப்படுவதைப் பெற்றோரும் கேள்விப்பட்டிருக்கிறார்கள். இந்த நிலைகள் எந்தக் குழந்தைக்கு எந்தச் செயல்பாட்டைக் கொடுப்பது என்று ஆசிரியர் முடிவு செய்வதற்காக உள்ளவை, தரவரிசை அல்ல. எந்தக் குழந்தை எந்த நிலையில் இருக்கிறது என்பது மடலில் ஒருபோதும் வரக் கூடாது. ‘மலர் நிலைக்கு உயர்ந்த மாணவர்கள்’ என்று ஐந்து பெயர்களை வெளியிட்டால், வெளியிடாத பெயர்களையும் சேர்த்தே ஊருக்கு அறிவித்ததாக ஆகும். அதைப் பெற்றோரிடம் தனியாக, நேரில், குழந்தையின் குறிப்பேட்டைக் காட்டிச் சொல்ல வேண்டும்.

பாராட்டுவதற்கும் இதே கவனம் தேவை. நன்றாகப் பேசும் குழந்தை, நன்றாகப் பாடும் குழந்தை என்று அதே நான்கைந்து பெயர்கள் எல்லா வாரமும் வந்துவிடும். குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் வகுப்பின் பெயர்ப்பட்டியலை எழுதி ஒட்டிவைத்து, மடலில் இடம்பெற்ற பெயருக்கு நேரே தேதியைக் குறித்துவந்தால், யாருடைய பெயர் இன்னும் வரவில்லை என்பது கண்ணில் படும். அந்தக் குழந்தைகளை அடுத்த வாரம் சற்றுக் கூடுதலாகக் கவனித்தால் எழுதத் தகுந்த ஏதோ ஒன்று நிச்சயம் கிடைக்கும். தண்ணீர்த் தொட்டியின் குழாய் ஒழுகுவதை முதலில் கண்டு சொன்ன குழந்தையின் பெயரும் மடலில் வரத் தகுந்ததே.

படங்களைப் பொறுத்தவரை, கல்வியாண்டின் தொடக்கத்திலேயே பெற்றோரிடம் எழுத்தில் ஒப்புதல் பெற்றுக்கொள்ள வேண்டும். தர மறுப்பவரிடம் காரணம் கேட்கக் கூடாது. ஒப்புதல் இருந்தாலும், குழந்தையின் முகத்தைவிட அது செய்த வேலையைப் படமெடுப்பதே மேல். கரும்பலகையில் எழுதிய கணக்கு, வரைந்த ஓவியம், குச்சிக் கட்டுகளின் மேல் இருக்கும் கை ஆகியவை வீட்டில் பேச்சைத் தொடங்கப் போதுமானவை. உணவு உண்ணும் குழந்தைகளை வரிசையாக உட்காரவைத்துப் படமெடுத்து அனுப்பும் பழக்கத்தை அடியோடு கைவிட வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

நிகழ்வுகள்

இந்தப் பகுதி சுருக்கமாக இருக்கட்டும். நடந்து முடிந்த விழாவுக்கு ஒரு வரி போதும். வரப்போவதற்குத்தான் விவரம் தேவை. ஜூலை 15 அன்று காமராசர் பிறந்தநாளைக் கல்வி வளர்ச்சி நாளாகக் கொண்டாட இருந்தால், என்ன நடக்கும், பெற்றோர் எத்தனை மணிக்கு வரலாம், குழந்தை எதையேனும் கொண்டுவர வேண்டுமா என்பவற்றை முந்தைய வாரமே சொல்லிவிட வேண்டும்.

உடல்நலம் தொடர்பான செய்திகளில் மட்டும் சிக்கனம் கூடாது. வாரந்தோறும் வழங்கப்படும் இரும்புச்சத்து மாத்திரையை உணவுக்குப் பின்னரே கொடுக்கிறோம் என்பதையும், அதனால் மலம் கருநிறமாகப் போகலாம், அதற்காக அஞ்ச வேண்டாம் என்பதையும் முன்கூட்டியே எழுதினால், மறுநாள் பதற்றத்தோடு பள்ளி வாசலுக்கு வரும் தாய்மாரின் எண்ணிக்கை குறையும். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் குடற்புழு நீக்க மாத்திரை கொடுக்கும் வாரத்தில், அதை மென்று விழுங்க வேண்டும் என்பதையும், அன்று காய்ச்சலோ வேறு நோயோ உள்ள குழந்தையைப் பற்றி ஆசிரியரிடம் தெரிவிக்க வேண்டும் என்பதையும் எழுத வேண்டும்.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு வெறும் தேதியும் நேரமும் எழுதினால் யாரும் வர மாட்டார்கள். சட்டப்படி அந்தக் குழுவின் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், மொத்த உறுப்பினர்களில் பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். அவர்கள் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருகிறார்கள். எதைப் பற்றி முடிவெடுக்கப் போகிறோம் என்பதை ஒரு வாக்கியத்தில் சொல்வது அவர்களுக்குத் தரும் குறைந்தபட்ச மரியாதை: ‘பெண் குழந்தைகளின் கழிப்பறைக்குத் தண்ணீர் இணைப்புத் தருவது பற்றிப் பேச இருக்கிறோம்’ என்பது போல.

ஒரு மாதிரி

மேலே சொன்னவற்றைச் சேர்த்து எழுதினால் மூன்றாம் வகுப்பின் மடல் ஏறத்தாழ இப்படி அமையும்:

“அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம். இந்த வாரம் கடன் வாங்கிக் கழிக்கும் கணக்குகளைக் குச்சிக் கட்டுகளைக் கொண்டு செய்தோம். கட்டை அவிழ்க்காமலேயே கழிக்க முடியுமா என்று குழந்தைகள் நெடுநேரம் முயன்று பார்த்தார்கள். சிலருக்கு இன்னும் ஒரு வாரப் பயிற்சி தேவைப்படும், திங்கட்கிழமையும் தொடர்வோம். வீட்டில் பத்து ரூபாய் நாணயங்கள் ஐந்தையும் ஒரு ரூபாய் நாணயங்கள் இரண்டையும் கொடுத்து, ‘இதிலிருந்து எனக்கு 37 ரூபாய் கொடு’ என்று கேளுங்கள். பத்து ரூபாயை மாற்றச் சில்லறையையும் அருகில் வைத்துக்கொள்ளுங்கள். விடை தவறினால் திருத்த வேண்டாம். மீதியை எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். தமிழில் ஒரு கதையைப் படித்து, அதன் முடிவை மாற்றி எழுதினோம். உங்கள் குழந்தை மாற்றிய முடிவு என்ன என்று கேளுங்கள். வரும் புதன்கிழமை பிற்பகல் 3 மணிக்குப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம். மழைக்காலம் தொடங்குவதற்குள் வகுப்பறைக் கூரையைச் சரிசெய்வது பற்றிப் பேசுகிறோம். அவசியம் வாருங்கள்.”

இதற்கு மேல் நீளம் தேவையில்லை. ஒரு பள்ளியின் எல்லா வகுப்புகளுக்கும் சேர்த்து ஒரு தாளின் இரு பக்கங்களுக்குள் அடங்கிவிட வேண்டும்.

வீடு சேர்த்தல்

கணினியில் தட்டச்சு செய்வோர் யூனிகோடு எழுத்துருவையே பயன்படுத்த வேண்டும். வானவில், பாமினி போன்ற பழைய குறியேற்றங்களில் அடித்ததை வாட்ஸ்அப்பில் ஒட்டினால் பெற்றோரின் கைபேசியில் புரியாத குறிகளாகவே தெரியும். படமாக மாற்றி அனுப்பலாமே என்று தோன்றும். ஆனால் படத்தில் எழுத்துகள் சிறிதாகிவிடுகின்றன, கைபேசியால் அதை வாசித்துக் காட்டவும் எளிதில் முடியாது. ஆகவே எழுத்தாகவே அனுப்ப வேண்டும். கூடவே, ஆசிரியரே மடலை வாசித்து இரண்டு நிமிடக் குரல்பதிவாகவும் அனுப்ப வேண்டும். படிக்கத் தெரியாத பெற்றோர் இருக்கிறார்கள். பல வீடுகளில் குழந்தையைக் கவனித்துக்கொள்வது பாட்டிதான். ஆசிரியரின் குரலைக் கேட்ட பாட்டி மறுநாள் வந்து குச்சிக் கட்டைப் பற்றிப் பேசுவது நடக்கக்கூடியதே. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வேலைக்கு வந்து குடியிருக்கும் குடும்பங்களின் குழந்தைகள் படிக்கும் பள்ளிகளில், அம்மொழி பேசும் பெற்றோர் ஒருவரைக் கேட்டுக்கொண்டால் அவரே மடலின் சாரத்தை இந்தியிலோ ஒடியாவிலோ சொல்லிப் பதிவுசெய்து தருவார்.

அச்சுத் தாளை நிறுத்திவிடக் கூடாது. கைபேசி அப்பாவிடம் இருக்கும். அவர் இரவு வெகுநேரம் கழித்தே வீடு திரும்புவார். குழந்தையின் பையில் போகும் தாள் அதற்கு முன்பே அம்மாவின் கைக்கு வந்துவிடும். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கிய குழந்தை அந்த மடலைத் தானே அம்மாவுக்குப் படித்துக் காட்டினால், அதைவிடச் சிறந்த வாசிப்புப் பயிற்சி இல்லை; அதற்காகவே வாக்கியங்களைச் சிறியனவாகவும் எழுத்தைப் பெரியதாகவும் வைக்க வேண்டும். பள்ளி வாசலில் ஒரு பிரதியை ஒட்டிவைப்பதும் நல்லது.

பதில் பெறுதல்

தாளின் அடியில் கிழித்துத் தரக்கூடிய ஒரு துண்டு இருக்கட்டும். அதில் இரண்டே கேள்விகள்: ‘குழந்தை செய்து காட்டியதா? எங்கே தடுமாறியது?’ எழுதத் தெரியாதவர்கள் ‘செய்தது’, ‘பாதி செய்தது’, ‘செய்யவில்லை’ என்பவற்றுக்கு அருகிலுள்ள முகப்படங்களில் ஒன்றைச் சுழித்து அனுப்பலாம். திங்கட்கிழமை காலையில் திரும்பி வரும் துண்டுகளை மதிப்பெண்ணாகக் கருதக் கூடாது. துண்டு கொண்டுவராத குழந்தையைக் கேள்வி கேட்கவும் கூடாது. பலர் ‘பாதி செய்தது’ என்று சுழித்திருந்தால் அந்தப் பாடத்தை மீண்டும் எடுக்க வேண்டும். அடுத்த மடலில், ‘நீங்கள் எழுதியனுப்பியதால் குச்சிக் கணக்கை இன்னும் இரண்டு நாள் செய்தோம்’ என்று ஒரு வரி சேர்த்தால், அதற்கடுத்த வாரம் வரும் துண்டுகள் கூடும். தங்கள் சொல்லுக்குப் பள்ளியில் மதிப்பிருக்கிறது என்பதை அறிந்த பெற்றோர்தான் தொடர்ந்து எழுதுவார்கள். வாட்ஸ்அப் குழுவில் ஒரு குழந்தையைப் பற்றிய குறை எழும்போது, அங்கேயே விளக்கம் அளிக்காமல் அந்தப் பெற்றோரை நேரில் அழைத்துப் பேச வேண்டும்.

தேர்தல் பணியாலோ பயிற்சி வகுப்பாலோ ஒரு வாரம் மடல் எழுத முடியாமல் போனால், அடுத்த வாரம் இரண்டையும் சேர்த்து நீளமாக எழுத வேண்டியதில்லை. விட்ட வாரத்தை விட்டுவிட்டு நடப்பு வாரத்தை மட்டும் எழுதினால் போதும். மடல்களின் ஒரு பிரதியைத் தனிக் கோப்பில் சேர்த்துவைத்தால், அடுத்த ஆண்டு அதே வகுப்பை எடுக்கும் ஆசிரியருக்கு எந்தப் பாடத்தில் குழந்தைகள் தடுமாறினார்கள் என்ற விவரம் ஆயத்தமாகக் கிடைக்கும். பருவ விடுமுறைக்கு முந்தைய மடலில் புதிய பாடம் எதையும் எழுதாமல், அந்தப் பருவத்தில் வீட்டில் செய்து பார்க்கச் சொன்னவற்றுள் குழந்தைகள் விரும்பிச் செய்த மூன்றை மட்டும் மீண்டும் தரலாம். அவை பாட்டி ஊரில் இருந்தாலும் செய்யக்கூடியவையாக இருக்க வேண்டும். பள்ளி திறந்த முதல் வாரத்து மடலை, அவற்றைச் செய்த குழந்தைகள் சொல்வதைக் கேட்டு எழுதலாம்.